உச்சி வேளையில் அறுபத்தைந்து கிலோ

எனக்குப் பேய், பிசாசு, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார்கள், இவள் எப்போதிலிருந்து இப்படி ஆனாள் என்று கேட்பது மாதிரி. நீங்களும் பார்க்கலாம், தப்பில்லை.

என் தொழில் பழைய கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டுவது. உத்திரமேரூர் பஜாரில் ஒரு சின்ன அறை வைத்திருக்கிறேன். மில், உரக்கடை, சீட்டுக் கம்பெனி என்று சுற்றுவட்டாரத்தில் எங்கேயாவது ஒரு மூலையில், யாரோ எந்தக் காலத்திலோ எழுதிக் கொடுத்த ஒரு மென்பொருள் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். எழுதியவர் இருக்கமாட்டார், அதைத் தொட எல்லோருக்கும் பயமாக இருக்கும், ஆனால் அது நின்றால் வியாபாரமே நின்றுவிடும். அதை அலுங்காமல் எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்திக் கொடுப்பேன். இந்த மாதிரி இடங்களில் கம்ப்யூட்டர் தானாகவே ஆன் ஆகிறது, பிரிண்டர் தானாகவே ஓடுகிறது என்று ஆயிரம் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் எலியாக இருக்கும், இல்லை ஈரமாக இருக்கும், இல்லை எர்த் சரியாக இருக்காது. என் தொழிலில் நான் பார்த்த பேய்கள் இந்த மூன்றும்தான்.

இன்னொன்று, இது ராத்திரியில் நடக்கவில்லை. நாய் ஊளையிடவில்லை, கரண்ட் போகவில்லை. நல்ல வெயிலில், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. எங்கள் பக்கத்தில் உச்சி வேளையில் புளியமரத்தடியில் போகாதே என்று சின்ன வயதில் சொல்வார்கள், நான் வேண்டுமென்றே போய் நிற்பேன். அப்படிப்பட்டவள் நான்.

பெருநகர் என்ற ஊருக்குப் போகிற ரோட்டில் ஒரு ரைஸ் மில். பெயர் வேண்டாம். அங்கே வாசலிலேயே ஒரு வேபிரிட்ஜ் இருந்தது, அதாவது நெல் லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை போடுகிற பெரிய இரும்பு மேடை. மேடையை ஒட்டி ஒரு சின்ன அறை, அதில் மேடையைப் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு உள்ளே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. தேதி கேட்டால் தப்பான வருடத்தைச் சொல்லும். அச்சடித்து வரும் சீட்டில் அந்த வருடத்தைப் பேனாவால் அடித்துச் சரியான வருடத்தை எழுதிக் கொடுப்பார் மல்லிகா அக்கா.

மல்லிகா அக்காதான் அந்த மேடைக்கு ஆபரேட்டர். ஐம்பது வயதைத் தாண்டியவர், கெட்டியான கண்ணாடி, எப்போதும் தலையில் ஒரு முழம் கதம்பம். விசைப்பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்து மொட்டையாகிவிட்டன, அக்கா அதைப் பார்க்காமலேயே அடிப்பார். அவருடைய கணவர் தட்சிணாமூர்த்தி அதே மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். இந்தக் கம்ப்யூட்டரை இத்தனை வருடம் சாகவிடாமல் பார்த்துக்கொண்டது அவர்தானாம். ஏதாவது பழுதாய்ப் போனால் சென்னைக்குப் பஸ் ஏறி, பழைய சாமான் கடைகளில் தேடி, அதே மாதிரி ஒன்றை வாங்கி வந்து பொருத்திவிடுவாராம். சில வருடங்களுக்கு முன்னால் தூக்கத்திலேயே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

என்னைக் கூப்பிட்டது சின்ன முதலாளி தினகரன். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் மில்லைக் கையில் எடுத்து, எல்லாவற்றையும் புதிதாக்க வேண்டும் என்று நின்றார். அவர் கேட்டது ஆள் இல்லாத மேடை. லாரி வரும், கேமரா நம்பரைப் படிக்கும், தடுப்புக் கம்பம் தானாகத் தூக்கும், எடை நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகும், டிரைவர் போனுக்குச் சீட்டு வந்துவிடும். "அக்காவ இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். "கோணி குடோன்ல போட்டுக்கலாம் மேடம். வேலைய விட்டுல்லாம் அனுப்ப மாட்டேன்," என்றார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

முதல் நாள் நான் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். புதிதாக ஒன்றைப் பொருத்துவதற்கு முன்னால் பழையது என்னென்ன செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடுவது என் வழக்கம். மத்தியானம் ஆனது. அக்கா 'சாப்பாட்டு நேரம்' என்று எழுதிய அட்டையை ஜன்னலில் மாட்டிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். மேடை காலி. வெயிலில் இரும்பு பளபளக்கிறது. ஒரு காக்காகூட இல்லை. அப்போது எடை காட்டும் பெட்டியில் சிவப்பு எண் பூஜ்ஜியத்திலிருந்து எழுபதுக்குத் தாவியது.

நான் எட்டிப் பார்த்தேன். மேடையில் ஒன்றும் இல்லை.

வெளியே மரநிழலில் நின்ற லாரி டிரைவர் குரல் கொடுத்தான். "எக்கா, அண்ணன் எறங்கிட்டாரா? வண்டிய ஏத்தட்டா?"

"இர்றா, இப்பதான் வந்துகீறாரு. நீ போய் சோறு துன்னுட்டு வா," என்றார் அக்கா, வாயில் சோற்றோடு.

எனக்குப் புரியவில்லை. யார் வந்தது என்று கேட்டேன். அக்கா ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார், கரண்ட் பில் கட்ட ஆள் வந்திருக்கிறார் என்று சொல்வது மாதிரி.

"எங்க வூட்டுக்காரரு கண்ணு. நான் துன்னனா இல்லியான்னு பாக்கறதுக்கு வருவாரு. எனுக்கு சக்கர கீது இல்ல, நேரத்துக்குத் துன்னலன்னா மயக்கம் வந்துடும். இருந்தப்போவும் இப்பிடித்தான். மோட்டார் ரூம்லருந்து நேரா மேடமேல ஏறி வருவாரு, நான் இங்கருந்து எழுவதுன்னு கத்துவேன். கொறைங்கய்யா, தொப்பைய கொறைங்கன்னுவேன். கூலியாளுங்கல்லாம் சிரிப்பாங்கோ."

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வெயில் உச்சியில் இரும்பு விரியும், மேடைக்கு அடியில் இருக்கும் லோடு செல்கள், அதாவது பாரத்தை உணர்கிற கருவிகள், பழசாகிப் போனால் இந்த மாதிரிச் சூட்டில் தப்புக் கணக்குச் சொல்லும். இதை அக்காவிடம் பொறுமையாக விளக்கினேன். அக்காவும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கும்," என்றார். விளக்கத்தோடு நிறுத்தியிருக்கலாம். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், எடைப் பெட்டியில் பூஜ்ஜியம் ஆக்குகிற பொத்தானை அமுக்கிவிட்டேன். எழுபது போய்ப் பூஜ்ஜியம் வந்தது.

"அய்யோ, அத்த ஏன் அமுக்கன?" என்றார் அக்கா.

அவர் சாப்பிட்டு முடித்தார். டிபன் பாக்ஸை மூடி, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த நேரத்தில் பெட்டியில் எண் மாறியது. மைனஸ் எழுபது.

உங்களுக்கு இது விளங்க வேண்டும். ஒரு ஆள் மேல் நிற்கும்போது நீங்கள் தராசைப் பூஜ்ஜியம் ஆக்கினால், அந்த ஆள் இறங்கியதும் தராசு மைனஸில்தான் போகும். சூட்டில் விரிந்த இரும்பு அப்படிப் பட்டென்று இறங்காது, மெதுவாகத்தான் இறங்கும். அக்கா பொத்தானை மறுபடி அமுக்கிச் சரி செய்துவிட்டு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏத்துடா, போய்ட்டாரு."

லோடு செல் பழசு என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் அந்த மைனஸ் எழுபதுதான் மனதில் ஓடியது.

முதல் கட்டமாகப் பழைய கம்ப்யூட்டரையும் என் புதிய கம்ப்யூட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கம்பியிலிருந்து இரண்டுக்கும் எடை போகிற மாதிரி கொஞ்ச நாள் ஓட்டினேன். புதியது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இதுதான் வழி. மத்தியானம் ஆனால் இரண்டிலும் எழுபது. சரி, கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. அப்புறம் மேடைக்கு அடியில் இருந்த குழிக்குள் நானே இறங்கினேன். சேறு, உமி, ஒரு அறுந்த செருப்பு, பெருச்சாளி வளை. எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வைத்து, பழைய லோடு செல் அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டு ஆறு மூலைகளிலும் புத்தம் புதியவை மாட்டினோம். கம்பி புதிது, எடைப் பெட்டி புதிது, எர்த் புதிது. சோதனை எடைக்கற்களை வைத்துப் பார்த்தோம், எடை சுத்தமாக இருந்தது. எடை சரி என்று அரசு முத்திரை போடுகிறவர்கள் வந்து போட்டுவிட்டும் போனார்கள். பழையதில் எடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், புதியதில் ஐந்து ஐந்தாகக் காட்டும். இன்னொரு வசதியும் உண்டு. ஆறு லோடு செல்லிலும் தனித்தனியாக எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதைத் திரையில் பார்க்கலாம். எந்த மூலையில் கோளாறு என்று கண்டுபிடிக்க எங்களைப் போன்றவர்களுக்கு வைத்திருப்பது.

பழைய கம்ப்யூட்டரை நிறுத்தின அன்றைக்கு அக்கா அதன் மேல் ஒரு துணியைப் போர்த்தினார். கதம்பத்திலிருந்து ஒரு சின்னக் கண்ணியைக் கிள்ளி அதன் மேல் வைத்தார். பிறகு தன் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கோணி குடோனுக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் வேலை வேலைதானே.

ஆளில்லாத மேடை ஓட ஆரம்பித்த முதல் நாள் நவரைப் பட்டத்து நெல் அறுப்பு மும்முரம். அன்றைக்குப் பார்த்துத் தெற்கே கருத்துக்கொண்டு வந்தது. கோடை மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. பெருநகர் பக்கமிருந்து டிராக்டர்களில் நெல்லைக் கொட்டிக்கொண்டு விவசாயிகள் வந்துகொண்டே இருந்தார்கள், பாதிப் பேரிடம் தார்ப்பாய் இல்லை. காலையில் எல்லாம் அருமையாக ஓடியது. கம்பம் தூக்குகிறது, வண்டி ஏறுகிறது, எடை விழுகிறது, போனில் சீட்டு டிங்கென்று வருகிறது. தினகரன் என் கையைப் பிடித்துக் குலுக்காத குறை.

மத்தியானம் கம்பம் தூக்கவில்லை.

மேடை காலியாக இருந்தால்தான், அதாவது எடை பூஜ்ஜியம் காட்டினால்தான், அடுத்த வண்டிக்குக் கம்பம் திறக்கும். அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். ஜன்னல் அறைக்குள் ஓடி வந்து திரையைப் பார்த்தேன். அறுபத்தைந்து கிலோ.

மேடையில் யாரும் இல்லை.

கோளாறு எந்த மூலையில் என்று பார்க்க அந்த ஆறு லோடு செல் திரையைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள். இப்போது சொல்லும்போதும் கையில் முடி நிற்கிறது பாருங்கள். பாரம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மோட்டார் ரூம் பக்கத்து மூலையில் குறைந்துகொண்டே வருகிறது, நடு செல்லில் ஏறுகிறது, அங்கே குறைந்து ஜன்னல் பக்கத்து செல்லில் ஏறுகிறது. யாரோ நடந்து வருகிறார்கள். பாரம் ஒரே சீராக நகரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு அடி, இன்னொரு அடி என்று, அவசரமில்லாத ஒரு தொப்பைக்கார மனிதரின் நடை. ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றது. நானும் ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டிருக்கிறேன். எங்களுக்கு நடுவே ஒரு கம்பி வலைதான். வெளியே வெயிலும் மேகமும் கலந்த ஒரு மஞ்சள் வெளிச்சம், வேறொன்றும் இல்லை. ஆனால் எனக்கு வந்ததைப் பயம் என்று சொல்ல மாட்டேன். அடுத்தவர் வீட்டில் கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்டு மாட்டிக்கொண்டால் கூச்சமாக இருக்குமே, அந்த மாதிரி இருந்தது.

தினகரன் கத்திக்கொண்டே வந்தார். "இன்னா மேடம் இது, புதுசு போட்டும் பழைய கதையாவே கீது? ரோடு வரைக்கும் வண்டி நின்னுகினு கீது, மழ வேற வருது!"

"சார், மேடைல யாரோ கீறாங்க," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். விறுவிறுவென்று போய்த் தானே மேடையில் ஏறி நின்றார். நல்ல ஆகிருதியான ஆள். திரையில் நூற்றைம்பது வந்தது. நான் ஜன்னல் வழியாக எண்ணைச் சொன்னேன். அவர் தன் எடையை மனதுக்குள் கழித்துப் பார்த்தது எனக்கு முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் மெதுவாக, சாமி ஊர்வலத்துக்கு வழி விடுகிற மாதிரி, மேடையின் ஓரமாகவே பின்னால் போய் இறங்கினார். சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அக்காவ கூப்டுங்க."

நான் குடோனுக்கு ஓடினேன். கோணி அடுக்குக்கு நடுவே ஒரு மரப்பலகையில் அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டிபன் பாக்ஸ் மடியில், திறக்கவே இல்லை. நெற்றியெல்லாம் வேர்வை, உதடு வெளுத்துப் போயிருந்தது, நான் கூப்பிட்டதற்குப் பதில் குழறியது. சர்க்கரை இறங்கிவிட்டது. காலை மாத்திரை போட்டவர் மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்கு அந்த வியாதி தெரியும், என் மாமியாருக்கு உண்டு. கைப்பையில் இருந்த சாக்லேட்டை வாயில் திணித்தேன், கூலியாள் ஒருத்தி டீக்கடையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் கொண்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது.

"ஏன்க்கா துன்னல?" என்று அதட்டினேன்.

"பசிக்கல கண்ணு. இந்த எடத்துல ஒக்காந்து தனியா துன்ன எறங்கல."

நான் ஒன்றும் விளக்கவில்லை. "அவரு வந்து நின்னுகினு கீறாருக்கா. போகமாட்டேங்கறாரு," என்றேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

ஜன்னல் ஓரத்தில் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து புதிய திரையைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் வாடிப் போனது.

"அறுவத்தஞ்சு. அஞ்சு கிலோ எளைச்சிட்டாரு பாரு."

அக்கா, பழைய மெஷின் பத்துப் பத்தாகக் காட்டும், அதனால் அது எழுபது என்று சொல்லியிருக்கும், அவர் இளைக்கவெல்லாம் இல்லை என்று விளக்க வாயெடுத்தேன். என்ன விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கே உறைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தார். ரசம் சாதம், வாழைக்காய் வறுவல். வரிசையாக டிராக்டர்கள் நிற்கின்றன, மேலே இடி உறுமுகிறது, மில் முதலாளியும் நானும் வாசலில் நிற்கிறோம், அந்த அம்மாள் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் நிதானமாகச் சாப்பிட்டார். யாரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள்கூட விஷயம் காதுக்குப் போய் அடங்கிவிட்டார்கள். கடைசியில் காலிப் பாத்திரத்தை ஜன்னல் பக்கமாகச் சாய்த்துக் காட்டினார்.

"துன்னுட்டேன். போய் வாங்க. பிள்ளைங்க நெல்லு நனையப் போவுது."

ஜன்னல் பக்கத்துப் பாரம் அசைந்தது. நடு மேடை. மோட்டார் ரூம் பக்கத்து மூலை. பூஜ்ஜியம். கம்பம் தூக்கியது.

கடைசி வண்டி கொட்டகைக்குள் நுழைந்த பிறகுதான் மழை பிடித்தது. அதை நான் இதோடு சேர்த்துச் சொல்லவில்லை, மழை அதன் பாட்டுக்குப் பெய்தது. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மறுநாளே அக்கா ஜன்னலுக்குத் திரும்பி வந்துவிட்டார். தினகரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மத்தியானத்தில் மேடையை மூடி வைக்கிற மாதிரி மென்பொருளில் ஒரு ஏற்பாடு செய்யச் சொன்னார். செய்தேன். அதற்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டுமே, 'தினசரிப் பராமரிப்பு' என்று போட்டேன். பொய்யில்லையே. யார் யாரைப் பராமரிக்கிறார்கள் என்று அதில் எழுதவில்லை. அந்த நேரத்தில் தானாகப் பூஜ்ஜியம் ஆக்கிக்கொள்கிற வசதியையும் நிறுத்தி வைத்தேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை பராமரிப்புக்குப் போவேன். உண்மையில் வேலை பெரிதாக ஒன்றும் இருக்காது. அக்காவோடு உட்கார்ந்து சாப்பிடத்தான் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அக்கா எனக்கும் சேர்த்து வறுவல் கொண்டு வருவார். அறுபத்தைந்து வரும், நிற்கும், போகும். எனக்கும் பழகிவிட்டது. ஒருமுறை கிளம்பும் அவசரத்தில் "வரேண்ணா" என்று வெறும் மேடையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பிறகு வண்டியில் வரும்போது நினைத்துச் சிரித்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். ஆனால் அதோடு முடியவில்லை.

ஆடி மாதம், காற்று சுழற்றி அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். நாங்கள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். வழக்கம்போல மோட்டார் ரூம் பக்கத்திலிருந்து பாரம் ஏறி நடந்து வந்து ஜன்னலடியில் நின்றது. அறுபத்தைந்து. நான் வறுவலை எடுக்கக் கையை நீட்டினேன். எண் எண்பது ஆனது.

காற்று என்றுதான் முதலில் நினைத்தேன். மூலைத் திரையைத் திறந்தேன். ஜன்னலடியில் அறுபத்தைந்து அசையாமல் நிற்கிறது. அது இல்லாமல் தனியாக ஒரு பதினைந்து கிலோ. அது ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. அந்த மூலை, இந்த மூலை, நடுவில், திரும்ப அந்த மூலை. இரும்பு மேடையில் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவும் பார்த்துவிட்டார். கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது. அவர் முகத்தில் பயம் இல்லை, அழுகை இல்லை, எனக்கு அந்த முகத்தைச் சொல்லத் தெரியவில்லை. பிறகு கம்பி வலைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், என் காதுக்கே பாதிதான் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஓடாத நைனா. வியுந்துடப் போற."

திரையில் அந்தச் சின்னப் பாரம் நின்றது. பிறகு மெதுவாக ஜன்னல் பக்கம் வந்து பெரிய பாரத்தோடு சேர்ந்துகொண்டது.

அக்காவுக்குக் குழந்தை ஏதாவது இருந்ததா, இருந்து இல்லாமல் போனதா என்று நான் இதுவரை கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. தினகரனைக் கேட்டால் தெரிந்துவிடும், மில்லில் யாரைக் கேட்டாலும் தெரிந்துவிடும், ஆனால் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்கடுத்த மாதம் போனபோது டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பருப்புச் சாதம் நெய்விட்டுப் பிசைந்து வைத்திருந்தார். நான் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

போன வாரம் போயிருந்தேன். லோடு செல் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை கற்களை வைத்துச் சோதித்தேன், ஒன்றில்கூடக் குறை இல்லை. பெரிய பாரம் அதே அறுபத்தைந்துதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சின்னது இப்போது இருபது காட்டுகிறது.